உறுதிப்படுத்தப்படாத கோல்காப்பாளர்

எழுபத்திரண்டாவது வயதில் அல்பேட்டுக்கு உதைபந்தாட்ட அழைப்பு வந்தது. வந்தது என்பது கொஞ்சம் மிகை. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்கு மீன் வாங்கப் போனவர், மீன் வெட்டி முடியும்வரை செய்ய வேறு வேலை இல்லாமல் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தல்களை வாசித்துக்கொண்டு நின்றார். நிலக்கீழ் வீடு வாடகைக்கு, நாட்டிய வகுப்பு, முப்பத்தோராம் நாள் நினைவு, அதற்குக் கீழே இது: "யாழ்ப்பாணம் புனித கிளமெந்து கல்லூரிப் பழைய மாணவர் சங்கம் – கனடா. நடை உதைபந்தாட்ட அணி அங்குரார்ப்பணம். அறுபது வயதுக்கு மேற்பட்டோர் வருக. ஓடத் தேவையில்லை."

கடைசி வசனம்தான் அவரைப் பிடித்தது. அந்தக் கல்லூரியில்தான் அவர் எட்டாம் வகுப்புவரை படித்தார். அங்கே கோலுக்கும் நின்றார்.

நடை உதைபந்தாட்டம் நம்மவர்களுக்குள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. பக்கத்துக்கு ஆறு பேர். ஓடினால் விசில். பந்து தலைக்கு மேலே போனாலும் விசில். வைத்தியர்கள் நல்லது என்று சொல்லிவிட்டதால் ஐந்து கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து ஓர் ஒன்றியம் அமைத்து, முதலாவது பருவகால அட்டவணையையும் போட்டுவிட்டன. ஒவ்வோர் அணிக்கும் நான்கு ஆட்டங்கள்.

அல்பேட் சென் ஜேம்ஸ் ரவுணில் இருபத்தோராவது மாடியில் இருந்தார். மனைவி மரியம்மா போய் நாலு வருடம். மகன் மாக்கஸ் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் சூப்பர்வைசர். ஷிப்ற் விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். மற்ற நாட்களில் அல்பேட்டின் பேச்சு லிப்ற்றுக்குள் "குட் மோர்னிங்" என்பதோடு சரி. ஒரு கிழமை அதுவும் இல்லை, லிப்ற் பழுது. தன் பெயரை வேறொருவர் வாயால் கேட்டு எத்தனை நாள் என்று அன்றைக்கு யோசித்துப் பார்த்தார். மருந்துக்கடைப் பெண் சொன்னதுதான் கடைசி, அவளும் பிழையாகத்தான் சொன்னாள்.

ஆகவே போனார். சப்வேயில் கெனடிவரை போய், அங்கிருந்து பஸ் எடுத்து, ஒரு தொடர்மாடியின் பார்ட்டி அறையில் நடந்த அங்குரார்ப்பணக் கூட்டத்தில் கடைசிக் கதிரையில் இருந்தார். அவரைத் தவிர இருபத்தேழு பேர் வந்திருந்தார்கள். முதல் இரண்டு மணித்தியாலத்தில் இருபத்திரண்டு பதவிகள் நிரப்பப்பட்டன. தலைவர், பெரும்போசகர், போசகர், மூன்று உபதலைவர்கள், மைதானத் தொடர்பாளர், இணைப்பாளர்களின் இணைப்பாளர் எனப் போய், பந்தைத் தன் காரின் டிக்கியில் வைத்திருக்கச் சம்மதித்தவர் 'பந்துப் பொறுப்பாளர்' ஆனதோடு முடிந்தது. பிறகுதான் யார் விளையாடுவது என்ற கேள்வி வந்தது. ஐந்து கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று தேநீர் கேட்ட கை என்று பிறகு தெரிந்தது, ஆனால் அதற்குள் பெயர் பதிந்தாயிற்று.

ஆறாவதாக அல்பேட்டும் கையை உயர்த்தினார். செயலாளர் ஸ்ரீதரன் பேனையோடு வந்தார். அறுபது வயது தாண்டியவர், எதையும் எழுத்தில் கண்டால்தான் நம்புகிறவர்.

"அண்ணை என்ன பொசிஷன்?"

"கோல். எட்டாம் வகுப்பிலை கோலுக்குத்தான் நிண்டனான்."

"எத்தினையாம் ஆண்டு பட்ச்?"

"பட்ச் எண்டு இல்லை. அறுபத்தாறிலை எட்டு பி. அந்த வருசக் கடைசியிலை அப்பு எங்களை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போட்டார்."

ஸ்ரீதரன் பேனையை நிறுத்தினார். பட்ச் இல்லாத பழைய மாணவரை அவர் முன்பின் கண்டதில்லை. "அத்தாட்சி ஏதும் இருக்கோ? விடுகைப் பத்திரம், றிப்போர்ட்?"

"நாங்கள் இடம்பெயர்ந்தது ஏழு தரம். பள்ளிக்கூடத்துப் பெயர் இடாப்பும் செல்லடியிலை எரிஞ்சு போச்சாம்."

"அப்ப படிவம் ஏழு," என்றார் ஸ்ரீதரன், தீர்வு கண்ட முகத்தோடு. "உங்களோடை ஒரே வகுப்பிலை படிச்ச ரெண்டு பேர் கையெழுத்து வைக்கோணும். அதுவரைக்கும் நீங்கள் உறுதிப்படுத்தப்படாத உறுப்பினர். விளையாடலாம். கடைசி ஆட்டத்துக்கு முன்னம் படிவம் வராட்டில் அதிலை நிக்கேலாது. அடுத்த வருசமும் இல்லை."

முதலாம் ஆட்டத்துக்கு மாநகரசபைப் பூங்காவில் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை அனுமதி கிடைத்தது. பத்து மணிக்கு கனடாக் கீதம். பிறகு கல்லூரிக் கீதம். மூன்றாவது சரணம் யாருக்கும் பாடம் இல்லாததால் மரியாதையாக முணுமுணுக்கப்பட்டது. மங்கள விளக்கை ஏற்ற ஐந்து பிரமுகர்கள் வரிசையில் வந்தார்கள். நாலு பேர் ஏற்றினார்கள், நாலு தரமும் காற்று அணைத்தது. ஐந்தாமவர் தன் கைபேசியின் ரோர்ச்சை விளக்குக்கு மேலே பிடித்துக் கடமையை முடித்தார். அதன்பின் மறைந்த பழைய மாணவர்களின் பெயர்களை வாசித்து ஒரு நிமிட அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, பொன்னாடை, தலைமையுரை.

தலைவர் செல்வரட்ணம் வீடு விற்பனை முகவர். பஸ் தரிப்பிட இருக்கை வாங்குகளில் எல்லாம் விளம்பரமாக அவருடைய முகம் இருக்கும். அல்பேட் பலநாள் அந்த முகத்தில் சாய்ந்துகொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறார். ஆனால் முகத்தைவிட, கூட்டத்தன்று கடைசிக் கதிரைக்குக் கேட்காத குரல்தான் இப்போது மைக்கில் அவரைத் திடுக்கிட வைத்தது. எட்டு பி வகுப்பில் பக்கத்தில் இருந்த செல்வரட்ணத்தின் அதே மூக்குக் குரல்.

"இந்த அணி யாருக்காக?" என்று தலைவர் மைக்கில் கேட்டார். "விளையாடுபவர்களுக்காக என்று சிலர் குறுகிய நோக்கில் நினைக்கலாம். இல்லை. நிர்வாகம் ஒன்று இயங்குவதற்கு ஓர் அணி தேவை. அந்தத் தேவையை இந்த ஆறு பேரும் தன்னலம் கருதாமல் நிறைவேற்றுகிறார்கள்."

கைதட்டினார்கள். பன்னிரண்டே முக்காலுக்குப் பந்து உருண்டது. ஒரு மணிக்கு அடுத்த அனுமதிக்காரரான பிலிப்பினோப் பிள்ளைகள் வந்து நின்றுவிட்டார்கள். பூச்சியத்துக்குப் பூச்சியம். தோல்வியறியாத அணி என்று அன்று மாலையே வாட்ஸ்அப்பில் செய்தி போனது.

இரண்டாம் ஆட்டத்தில் பின்களத்தில் நின்றவரின் தொப்பியைக் காற்று கொண்டுபோக, அவர் அதன் பின்னால் ஓடிவிட்டார். விசில், தண்ட உதை, கோல். தொப்பியை நோக்கி ஓடியதை விளையாட்டின் பகுதியாகக் கொள்ளலாமா என்று ஆராய மூவர் கொண்ட விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. அதன் இடைக்கால அறிக்கை இன்றுவரை வரவில்லை. மூன்றாம் ஆட்டத்தில் நாலு கோல் வாங்கியதைச் செயலாளர் அறிக்கை 'எதிரணியின் முயற்சிகளுக்கு இடையூறு செய்யாத பண்பு' என்று குறித்துக்கொண்டது. அன்று அணிப் படம் எடுத்தார்கள். இருபத்திரண்டு நிர்வாகிகள் இருந்தும் நின்றும், ஐந்து வீரர்கள் புல்லில் முழங்காலிட்டும். உறுதிப்படுத்தப்படாதவர் உத்தியோகபூர்வப் படத்தில் வரக்கூடாது என்பதால் அல்பேட்தான் படத்தை எடுத்துக் கொடுத்தார். கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தார், படம் தெளிவாக வந்தது.

இத்தனைக்கும் அவருக்கு அந்தச் சனிக்கிழமைகள் பிடித்திருந்தன. காரணத்தை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்ல வெட்கப்பட்டிருப்பார். கோலுக்குள் நிற்கிறபோது முன்னால் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்த்து, "அல்பேட் அண்ணை, பந்து! அல்பேட் அண்ணை, இடப்பக்கம்!" என்று கத்துவார்கள். பதினைந்து நிமிட ஆட்டத்தில் பெயர் இருபது தரமாவது வரும். வீட்டுக்குப் போய்க் கோழிக்கறி சூடாக்குகிறபோதும் அது காதுக்குள் இருக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் அவர் இரண்டே முக்கால் மணித்தியாலம் விளக்கையும் பொன்னாடையையும் பொறுத்துக்கொண்டு நின்றார். அது இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் மூன்றாம் ஆட்டத்தோடு அவரைப் பிடித்துக்கொண்டது.

படிவம் ஏழுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று செல்வரட்ணம் என்று அவர் நினைத்தார். தலைவர் காரில் ஏறும் நேரம் பார்த்துக் கிட்டப் போனார்.

"செல்வா, நான் அல்பேட். எட்டு பி. உன்ரை பக்கத்திலை இருந்தனான்."

செல்வரட்ணம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முகம் பிடிபடேல்லை," என்றார். "கோவிக்காதையுங்கோ. சாதாரண ஆள் எண்டால் ஒரு அனுமானத்திலை கையெழுத்து வைக்கலாம். தலைவர் எண்டவர் அனுமானத்திலை ஞாபகம் வைக்கேலாது."

"ஓம், அதுவும் சரிதான்," என்று அல்பேட் சொல்லிவிட்டார். பஸ்ஸுக்குள் ஏறிய பிறகுதான் அது சரியில்லை என்று பட்டது.

அடுத்த இரண்டு கிழமையும் அவர் மேசையில் தொலைபேசியோடு இருந்தார். எட்டு பியில் செல்வரட்ணத்தை விட்டால் நினைவில் நின்றவர்கள் பதின்மூன்று பேர். ஒருவரைப் பிடித்து அவர் மூலம் இன்னொருவர், லண்டன், பரிஸ், கொழும்பு, மெல்பேண் என்று எடுத்தார். எடுக்கிற இடமெல்லாம் மனைவியோ மகளோ வந்தார்கள். "அப்பா மூண்டு வருசத்துக்கு முந்தி தவறிட்டார் அங்கிள்." "அவர் தொண்ணூறிலையே போட்டார்." ஒருவரைக் கடலில் தேடியும் கிடைக்கவில்லையாம். ஒரு பேரப்பிள்ளை இங்கிலீஷில் "ஹூ?" என்று கேட்டு, தாத்தா செத்துப்போனார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பிறகு அல்பேட் தாளில் பெயருக்கு நேரே சின்னச் சிலுவை போட்டார், சைவப் பெடியன்களுக்கு ஒரு புள்ளி. பதின்மூன்றாவதையும் போட்டு முடித்தபோது அந்த வகுப்பில் தானும் செல்வரட்ணமும்தான் மிச்சம் என்பது தெரிந்தது. அன்றைக்கு அவர் சமைக்கவில்லை.

மறுநாள் அந்தத் தாளை நல்ல எழுத்தில் திருப்பி எழுதினார். மேலே 'எட்டு பி, 1966'. கீழே பதின்மூன்று பெயர். இவர்கள் எல்லாரும் காலமாகிவிட்டதால் கையெழுத்து எடுக்க இயலவில்லை, கருணைகூர்ந்து பரிசீலிக்கவும் என்று தனியாக ஒரு கடிதம். பெயர்த் தாளின் அடியில், அனுப்புகிறவர் என்ற முறையில், தன் பெயரையும் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதினார். கடைசி ஆட்டத்தன்று காலை இரண்டையும் ஸ்ரீதரனிடம் கொடுத்தார். ஸ்ரீதரன் கடிதத்தை 'நிலுவை' என்ற கோவையில் போட்டார். பெயர்த் தாளைப் பார்த்தார். மறைந்த பழைய மாணவர்களின் பெயர்கள். அதை எங்கே வைக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கீதங்கள் முடிந்தன. விளக்கு இந்த முறை பற்றரி விளக்கு, அணையவில்லை. ஸ்ரீதரன் மைக்குக்கு வந்தார். கையில் கிடைத்த தாளைக் கடைசி வரிவரை வாசிப்பது அவர் பழக்கம். நடுவில் நிறுத்தினால் யாராவது மனம் நோவார்கள் என்பார்.

"எமது கல்லூரியின் 1966ஆம் ஆண்டு எட்டு பி வகுப்பின் அமரர்கள்," என்று தொடங்கி ஒவ்வொரு பெயராகப் படித்தார். அல்பேட் கையுறையோடு தலை குனிந்து நின்றார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் வந்தது. பதின்மூன்று முடிந்தது. பதினான்காவதாக, "அமரர் அல்பேட் சூசைதாசன், இலக்கம் 2107, சென் ஜேம்ஸ் ரவுண்," என்றார் ஸ்ரீதரன், தொலைபேசி இலக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தார். "இவர்களின் ஆத்ம சாந்திக்காக ஒரு நிமிடம்."

அல்பேட் தலையை நிமிர்த்தினார். சுற்றிவர எல்லோரும் கண்ணை மூடி நின்றார்கள். ஒரு நிமிட மௌனத்தைக் குழப்புவது மரியாதை இல்லை. ஆகவே தனக்காக அவரும் நின்றார்.

மௌனம் முடிய ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து வீரர்களுக்கும் விளங்கிவிட்டது, ஆனால் மைக் தலைவரின் கைக்குப் போய்விட்டது. செல்வரட்ணம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பெயர் வந்த இடத்தில் அஞ்சலி சொல்வது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி.

"அல்பேட்டும் நானும் எட்டு பியில் ஒரே வாங்கில் இருந்தோம்," என்றார். "வலப்பக்கம் அவன், இடப்பக்கம் நான். எனக்குக் கணக்கு வராது. தவணைச் சோதனையில் தன் தாளை மெல்ல இந்தப் பக்கம் சரித்து வைப்பான். ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அவன் சரித்து வைத்த தாள் இல்லாவிட்டால் நான் ஒன்பதாம் வகுப்பு கண்டிருக்க மாட்டேன். மழை நாளில் கோலுக்கு நின்றால் முழங்கால் இரண்டும் சேறு. அந்தச் சேற்றோடு வகுப்புக்கு வந்து அடி வாங்குவான். அவனை நான் ஒருநாளும் மறந்ததில்லை."

அவர் குரல் உண்மையாகவே உடைந்தது. கூட்டத்தில் சில பேர் கண்ணைத் துடைத்தார்கள். அல்பேட்டுக்கும் கண் கலங்கியது. தன் முழங்கால் சேற்றை உலகத்தில் இன்னொருவர் ஞாபகத்தில் வைத்திருந்தார் என்பது அவருக்குப் பெரிய விஷயம். அது நிம்மதியா ஆத்திரமா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் மைக்குக்குக் கிட்டப் போனார்.

"செல்வா."

"கொஞ்சம் பொறு அல்பேட், பொன்னாடை இருக்கு."

"நான் சாகேல்லை."

"அது தெரியுது," என்றார் தலைவர்.

ஸ்ரீதரன் சங்க விதிகள் அடங்கிய யாப்பை எடுத்துப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது. "அண்ணை, நல்ல செய்தி. பதினாலாம் பிரிவு. அகவணக்கத்திலை பெயர் வாசிக்கப்பட்டவர் பழைய மாணவராகக் கொள்ளப்படுவார், வேறை அத்தாட்சி தேவையில்லை. உங்கடை விண்ணப்பம் பாஸ்."

"அப்ப நான் போய் கோலுக்கு நிக்கட்டோ?"

"அதுதான் ஏலாது. இப்ப அஞ்சலி செலுத்தின ஆளை நாங்கள் விளையாட விட்டால் மற்றக் கல்லூரிக்காரர் என்ன நினைப்பினம்?"

"அப்ப என்ரை பெயரை வெட்டிவிடுங்கோ."

"வெட்டலாம். வெட்டினால் நீங்கள் திரும்ப உறுதிப்படுத்தப்படாத ஆள். அப்பவும் நிக்கேலாது." ஸ்ரீதரன் பாவம், மனதார வருத்தப்பட்டார். "இப்பிடியே விட்டால் அடுத்த வருச மலரிலையெண்டாலும் படம் வரும் அண்ணை. முழுப்பக்கம்."

அல்பேட் செல்வரட்ணத்தை ஒருபுறம் கூட்டிக்கொண்டு போனார். "உனக்கு ஞாபகம் இருந்திருக்கு."

"இருந்தது."

"பிறகேன் கையெழுத்து வைக்கேல்லை?"

செல்வரட்ணம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உயிரோடை இருக்கிற ஆள் கதைக்கும், அல்பேட். தலைவர் என்னைப் பாத்துத்தான் எழுதினவர் எண்டு நீ ஒரு இடத்திலை விட்டால் என்ரை நிலைமை என்ன?"

"அதை நான் மறந்தே போனன். இப்ப நீ சொல்லித்தான் ஞாபகம் வருது. நீதானே மைக்கிலை சொன்னனீ."

"அது அஞ்சலி. அஞ்சலியிலை ஆரும் அதுகளைப் பிழையா எடுக்காயினம்." அவர் அல்பேட்டின் தோளில் தட்டினார், தட்டிய கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு பெரும்போசகர் கூப்பிட, போய்விட்டார்.

ஆட்டம் 'அமரர் அல்பேட் நினைவு ஆட்டம்' என்று அந்த இடத்திலேயே பெயர் மாற்றப்பட்டது. ஐந்து பேர் விளையாடினார்கள். கோலுக்குள் யாரும் நிற்கவில்லை. அது மறைந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று அறிவிக்கப்பட்டது. எதிரணியினர் பந்தை நடந்தே கொண்டுவந்து ஆறு கோல் போட்டார்கள். அல்பேட் கம்பி வேலிக்கு வெளியே கையுறையோடு நின்று பார்த்தார். பழக்கதோஷத்தில் ஒருவர் திரும்பி, "அல்பேட் அண்ணை!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்தார். அதற்குமேல் நிற்க அல்பேட்டால் முடியவில்லை. பஸ்ஸை எடுத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலுக்குப் போகவில்லை. பத்தரைக்குத் தொலைபேசி அடித்தது. மாக்கஸ் என்று நினைத்து எடுத்தார்.

"வணக்கம். நான் சண்முகலிங்கம் கதைக்கிறன். புனித கிளமெந்து பழைய மாணவர் சங்கம், துயர்பகிர்வு உபகுழு. உது அமரர் அல்பேட்டின்ரை வீடுதானே?"

வயதான, பொறுமையான குரல். நேற்று மைதானத்துக்கு வந்திராத யாரோ. அல்பேட் "ஓம்" என்றார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"வீட்டிலை ஆக்கள் இருக்கினமோ? இல்லாட்டில் நீங்கள் தனியவோ?"

"தனியத்தான்."

"நினைச்சன். கதிரையிலை இருந்துகொண்டு கதையுங்கோ அண்ணை." தாள் சரசரத்தது. வாசிக்கிறார் என்று தெரிந்தது, ஆனால் நிதானமாக, விளங்கி வாசித்தார். "அன்னாரின் இழப்பு எங்கள் எல்லாருக்கும் ஈடுசெய்ய முடியாதது. சரி. இனி ரெண்டு மூண்டு கேள்வி கேக்கோணும், குறை நினைக்காதையுங்கோ. சாப்பிட்டியளோ?"

மரியம்மா போனபிறகு இதை யாரும் கேட்கவில்லை. "இல்லை, இன்னும் இல்லை."

"அப்பிடி விடக்கூடாது. ஒரு பாண் துண்டெண்டாலும் சாப்பிடுங்கோ. நித்திரை வருகுதோ?"

"விடியப்புறமாத்தான் வரும்."

"எனக்கும் அப்பிடித்தான்," என்றார் சண்முகலிங்கம்; அது தாளில் இருந்திருக்காது. "அவர் என்ன மாதிரி ஆள்?"

அல்பேட் யோசித்தார். கோலுக்கு நிற்கிற ஆள் என்றார். தோசை வார்க்கப் பழகிக்கொண்டதையும், மனைவியின் மருந்துப் போத்தல்களை இன்னும் எறியாமல் வைத்திருப்பதையும், வகுப்பில் தாளைச் சரித்து வைத்ததையும் சொன்னார். நான்தான் அந்த ஆள் என்று சொன்னால் இந்த மனுசன் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அது அவருக்கு வேண்டாம். இருபது நிமிடம் கதைத்தார்கள்.

"அப்ப வைக்கட்டோ அண்ணை?"

"நாளைக்கும் எடுப்பியளோ?"

"நாளைக்கு இல்லை. எட்டாம் நாளுக்கு ஒருக்கா எடுப்பம், பிறகு முப்பத்தொண்டுக்கு. அதோடை ஆண்டுத் திவசத்துக்குத்தான்."

அல்பேட் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்து விரலால் எண்ணினார். "எட்டு எண்டால் வாற சனிக்கிழமை. எத்தினை மணிக்கு?"

"இதே நேரம், பத்தரை மட்டிலை."

"கட்டாயம் எடுங்கோ," என்றார் அல்பேட். "நான் வீட்டிலைதான் இருப்பன்."